வயிற்றுச் சுவரில் ஒரு பழைய வழி

பன்னேர்கட்டா பூங்காவில் நிற்கும் ஆண் யானையை எத்தனை முறை சுற்றிவந்து பார்த்தாலும் அதன் விதைப்பை கண்ணில் படாது. யானைக்கு விதைப்பையே கிடையாது. அத்தனை பெரிய உடலுக்குள், முதுகுப் பக்கமாக, சிறுநீரகங்களை ஒட்டியே அதன் விதைகள் இருக்கின்றன. கருவில் அவை உருவான இடமும் அதுதான். வாழ்நாள் முழுக்க அங்கேயே இருந்துவிடுகின்றன.

மனித ஆணின் விதைகளும் கருவில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் உருவாகின்றன. ஆனால் அவை அங்கே தங்குவதில்லை. மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வயிற்றுச் சுவரையே கடந்து, உடலுக்கு வெளியே தொங்கும் ஒரு பைக்குள் போய்ச் சேர்கின்றன. விந்தணு நன்றாக உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைவான சூடு வேண்டும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அந்தக் குளிர்ச்சிக்காக மனித உடல் கொடுத்த விலை, தொடை இடுக்குக்குச் சற்று மேலே வயிற்றுச் சுவரில் இருக்கும் ஒரு பலவீனமான வழி. குடலிறக்கம், ஹெர்னியா, குடல் சரிந்துவிட்டது என்றெல்லாம் நாம் சொல்லும் தொல்லையின் பெரும்பகுதி அந்த வழியில்தான் நிகழ்கிறது. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. மருத்துவ நூல்கள் தரும் கணக்கு 27 சதவீதம். பெண்களில் 3 சதவீதம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பேர் தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்காக அறுவை செய்துகொள்கிறார்கள். இவ்வளவு பரவலான ஒன்றை நம் ஆண்கள் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாமல் கோவணத்தை இறுக்கிக் கட்டியும், கடையில் வாங்கிய பெல்ட்டைப் போட்டும் வருடக்கணக்கில் மறைத்துத் திரிகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த விதையின் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் வயிற்றின் பின்சுவரில் விதைகள் உருவாகத் தொடங்குகின்றன. அவற்றின் அடிமுனையிலிருந்து தொடை இடுக்கை நோக்கி நார்த்தன்மை கொண்ட ஒரு கயிறு நீள்கிறது. அது வழிகாட்ட, விதைகள் இறங்கி வயிற்றுச் சுவரின் உள்வாசலை அடைகின்றன. அங்கே சில மாதங்கள் காத்திருக்கின்றன. ஏழாம் மாதவாக்கில் சுவரைக் கடக்கத் தொடங்கி, பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறப்பதற்குள் விதைப்பையில் இறங்கிவிடுகின்றன. போகும்போது வயிற்றறையின் உள்ளுறைச் சவ்வும் விரல் போல நீண்டு கூடவே வருகிறது. விதை இறங்கிய பிறகு இந்தச் சவ்வுக் குழல் மூடி மறைந்துவிட வேண்டும். சிலருக்கு அது மூடுவதில்லை. வலப்பக்க விதை இடப்பக்கத்தைவிடத் தாமதமாக இறங்குகிறது. அதனால் வலப்பக்கக் குழல் திறந்தே இருந்துவிடும் வாய்ப்பு அதிகம், குடலிறக்கமும் வலப்பக்கத்தில்தான் அதிகம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குழல் மூடுவதற்கு நேரமே கிடைத்திருக்காது. அவர்களிடம் இது அதிகமாகக் காணப்படுவதன் காரணம் அதுதான்.

விதை போன வழியில் ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் தொடர்ந்து ஓட வேண்டியிருப்பதால் அந்த வழியை முழுவதுமாக அடைக்கவும் முடியாது. உடல் இதற்குக் கண்டுபிடித்த ஏற்பாடு என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. வழி நேராகத் துளைத்துக்கொண்டு போவதில்லை. வளர்ந்த ஆணில் சுமார் 4 சென்டிமீட்டர் நீளத்துக்கு, தசைத் தகடுகளின் நடுவே சாய்வாக ஓடுகிறது. உள்வாசலும் வெளிவாசலும் நேருக்கு நேர் இல்லை. நாம் இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் இந்தச் சாய்வான வழியின் பின்சுவரை முன்சுவரோடு சேர்த்து அழுத்திவிடுகிறது. மேலே வளைந்து நிற்கும் தசையும் சுருங்கிக் கீழே இறங்கி வழியை மூடுகிறது. ஆபத்து வரும் அதே நொடியில் கதவும் தானாகச் சாத்திக்கொள்கிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று இளம் வயது ஆரோக்கியமானவர்களிடம் அளந்திருக்கிறார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது சராசரியாக 2 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. எழுந்து நின்றாலே 20. நின்றபடி இருமினால் 100ஐத் தாண்டுகிறது. குதித்தால் 170 வரை. நான்கு காலில் நடந்த மூதாதையருக்குக் குடலின் எடை வயிற்றின் நடுப்பகுதியில் தொங்கியது. இரண்டு காலில் நிமிர்ந்த நமக்கு அது நாள் முழுக்கத் தொடை இடுக்கின் மேல் இறங்கி நிற்கிறது.

அதிகாலையில் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டிலோ யஷ்வந்தபுரம் ஏ.பி.எம்.சி. மண்டியிலோ போய் நின்றால் இந்தக் கணக்கு கண்முன்னே நடக்கும். ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கும் நொடியில் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குகிறார் சுமை தூக்கும் ஹமாலி. அவர்களில் பலர் தமிழர்கள். மூட்டை தூக்கியதால்தான் குடல் இறங்கியது என்று அவர்கள் நம்புகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆண்டுக்கணக்காக நின்றபடியே பாரம் தூக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக வருவதை டென்மார்க்கில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மூட்டை அந்தச் சுவரைக் கிழித்துவிடுவது அபூர்வம். வாழ்நாள் முழுக்க ஏ.சி. அறையில் உட்கார்ந்து கணினியைத் தட்டியவருக்கும் இது வருகிறது. பிறவியிலேயே மூடாத குழல், தசைநார்களைக் கட்டிவைக்கும் கொலாஜன் என்ற புரதம் பலவீனமாக அமைந்திருப்பது, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்த குடும்ப வரலாறு, முதுமை ஆகியவை அடிப்படை. பீடி சிகரெட்டும், விடாத இருமலும், நாள்பட்ட மலச்சிக்கலும், புராஸ்டேட் வீக்கத்தால் முக்கிச் சிறுநீர் கழிப்பதும் அதன்மேல் சேர்கின்றன. அதனால்தான் குடலிறக்கத்தைக் காட்டப் போனவரிடம் மருத்துவர் இருமலைப் பற்றியும் சிறுநீரைப் பற்றியும் விசாரிக்கிறார். இதில் யாருடைய குற்றமும் இல்லை, யாருடைய ஒழுக்கக் குறைவும் இல்லை. ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இறக்கம் இரண்டு விதமாக வருகிறது. பழைய குழலின் உள்வாசல் வழியாகவே குடலோ வயிற்றுக் கொழுப்போ நுழைந்து, விதை போன பாதையிலேயே போவது ஒன்று. இது எந்த வயதிலும் வரும், விதைப்பை வரைகூட இறங்கும். வழியின் பின்சுவரே தளர்ந்து முன்னால் புடைத்துக்கொள்வது மற்றொன்று; இது பெரும்பாலும் வயதானவர்களுக்கு. நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நின்றால், இருமினால் புடைக்கும், படுத்தால் மறையும். மாலையில் கனமாக, இழுப்பது போல இருக்கும். மருத்துவர் நிற்க வைத்து, தொடை இடுக்கில் விரலை வைத்து, இருமச் சொல்லிப் பார்ப்பார். பெரும்பாலானவர்களுக்கு அந்த ஒரு சோதனையே போதும். ஸ்கேன் தேவைப்படுவது புடைப்பு தெளிவாகத் தெரியாத சிலருக்குத்தான்.

இது எப்போது உயிருக்கு ஆபத்தாகிறது? உள்ளே போன குடல் வாசலில் சிக்கி, திரும்ப முடியாமல், அதன் ரத்த ஓட்டம் நெரிபடும்போது. புடைப்பு கல்லாக இறுகும், படுத்தாலும் உள்ளே போகாது, வலி கூடிக்கொண்டே போகும், வாந்தி வரும், வாயு பிரியாது. சில மணி நேரத்தில் குடலின் அந்தப் பகுதி அழுகத் தொடங்கலாம். அப்போது வீட்டில் வைத்து எண்ணெய் தடவி அழுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. ஆம்புலன்ஸ் ஒன்றே வழி.

பயப்படும் அளவுக்கு இது அடிக்கடி நடக்கிறதா என்று அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நல்ல ஆய்வு செய்தார்கள். 2006ல் வெளியான அந்த ஆய்வில், தொல்லை அதிகமில்லாத 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தார்கள், மறு பாதியைக் கவனித்து மட்டும் வந்தார்கள். காத்திருந்தவர்களில் திடீர்ச் சிக்கல் வந்தது, ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் இரண்டு பேருக்கும் குறைவு என்ற கணக்கில்தான். ஆகவே வலியில்லாத சிறு புடைப்பு உள்ள ஆண்கள், மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது அறிவுக்குப் பொருந்தாத செயல் அல்ல. ஆனால் அதே மனிதர்களைப் பத்தாண்டு தொடர்ந்தபோது, காத்திருந்தவர்களில் 68 சதவீதம் பேர் கடைசியில் அறுவைக்கே வந்தார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். குடலிறக்கம் தானாகக் குணமாவதில்லை. மாத்திரையோ லேகியமோ ஆசனமோ அந்த ஓட்டையை மூடாது.

இந்தக் காத்திருப்பு பெண்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குத் தொடை இடுக்கில் வரும் புடைப்பு பல சமயம் சற்றுக் கீழே, தொடைக்குப் போகும் ரத்தக் குழாயின் பக்கத்துக் குறுகலான வழியில் இறங்கியதாக இருக்கும். அது சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். கைக்குழந்தைகளையும் காக்க வைக்கக் கூடாது. குழந்தைகளுக்குச் சுவர் உறுதியாகவே இருக்கும், மூடாத சவ்வுக் குழல்தான் பிரச்சினை. அதைக் கட்டிவிட்டால் போதும், பெரியவர்களுக்குச் சுவரைத் தாங்க வைப்பது போல வலை எதுவும் வைக்க வேண்டியதில்லை.

இனி அந்த வலையின் கதை. குடல் இறங்கும் வீக்கத்தை நம் பண்டைய அறுவை மருத்துவர் சுசுருதர் அந்த்ரவிருத்தி என்ற பெயரில் தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார். ஆனால் அறுவை நம்பகமான வைத்தியமானது மிகவும் பின்னால்தான். இத்தாலியின் எடுவார்தோ பாசினி 1867ல் இத்தாலிய ஒருங்கிணைப்புக்குப் போராடிய கரிபால்டியின் ஆதரவாளர்களோடு ரோமுக்கு வெளியே போரிட்டபோது தொடை இடுக்கிலேயே துப்பாக்கி ஈட்டியால் குத்துப்பட்டு, மாதக்கணக்கில் ஆறாத காயத்தோடு பிழைத்தவர். பிற்காலத்தில் பதுவா நகரில் அறுவைப் பேராசிரியராக இருந்து, 1880களில் அந்தச் சாய்வு வழியின் பின்சுவரை அடுக்கு அடுக்காகத் திரும்பக் கட்டும் முறையை வகுத்தார். அந்தக் காலத்தில் இது பெரிய பாய்ச்சல். ஆனாலும் ஒரு குறை இருந்தது. இற்றுப்போன வேட்டியின் கிழிசலை இரு பக்கமும் இழுத்துத் தைத்தால், தையல் நிற்கும், பக்கத்துத் துணி கிழியும். அதற்கு ஒட்டுப் போடுவதுதான் சரி. பாசினியின் தையல் முதல் வகை. இழுத்துக் கட்டப்பட்ட தசை இருமும்போதெல்லாம் விடுபடப் பார்த்தது. வலியும் அதிகம்.

ஒட்டுக்கு ஏற்ற துணி 1950களின் கடைசியில்தான் கிடைத்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் இழைகளால் பின்னிய வலையை உடலுக்குள் வைத்துப் பார்த்தார். முதலில் பாலிஎத்திலீன், பிறகு பாலிபுரொப்பிலீன். லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் 1980களில் இதை வழக்கமான முறையாக்கினார். தசையை இழுக்காமல், பின்சுவரின் மேல் ஒரு வலையைப் படிய வைத்து, ஓரங்களில் தைத்துவிடுவது. அறுவைப் பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்தே இதைச் செய்யலாம். வலை வெறுமனே அடைத்து நிற்பதில்லை. அதன் கண்கள் வழியாக உடலே தன் தசைநாரை வளர்த்து வலையைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சில வாரங்களில் அங்கே புதிய சுவர் ஒன்று இருக்கும். பாலிபுரொப்பிலீனைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிமென்ட் மூட்டையும் இன்றைய அரிசி மூட்டைகளில் பலவும் அதே பொருளில் நெய்தவைதான். ஹமாலியின் முதுகில் ஏறும் பையும் அவர் வயிற்றைத் தாங்கப் போகும் வலையும் வேதியியலில் ஒரே குடும்பம்.

ஆனால் மருத்துவமனை வலையின் விலை மூட்டையின் விலை அல்ல. மேற்கத்திய நிறுவனங்களின் வலை வந்த புதிதில் அது ஒரு ஏழைக் கூலியின் பல நாள் சம்பளம். மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் தொண்டாய்ச்சா என்ற சிற்றூரில் அறுவை செய்துவந்த டாக்டர் ரவீந்திரநாத் தொங்காவ்கருக்கு இது பொறுக்கவில்லை. கடையில் விற்கும் சாதாரணக் கொசுவலையை ஆராய்ந்தார். அது பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் சேர்ந்த இழை. துண்டு துண்டாக வெட்டி, கிருமி நீக்கி, லிக்டன்ஸ்டைன் முறையில் வைத்துத் தைத்தார். நாட்டின் வேறு பகுதிகளின் கிராமப்புற அறுவை மருத்துவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிடைத்த முடிவுகளை 2003ல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு நோயாளிக்குத் தேவையான துண்டின் விலை சில ரூபாய்.

கொசுவலையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பதில் சொன்னவை சோதனைகள். பிரிட்டனின் ஆன்ட்ரூ கிங்ஸ்நார்த், பிரையன் ஸ்டீபன்சன் ஆகிய அறுவை மருத்துவர்கள், ஆப்பிரிக்காவில் ஏழைகளுக்கு அறுவை செய்யப் போனவர்கள், இந்தியக் கொசுவலையை ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த வலைகளோடு வைத்து ஒப்பிட்டார்கள். இழையின் பருமன், கண்களின் அளவு, இழுவைத் திறன் எல்லாம் நெருங்கியே வந்தன. 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கினாலும் தாங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்ட வலை நம் கரூரில் தயாரானது. பிறகு சுவீடன், உகாண்டா மருத்துவர்கள் கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தினார்கள். யாருக்கு எந்த வலை என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், மலிவு வலை வைத்தவர்களில் ஒரே ஒருவருக்கு இறக்கம் திரும்பியிருந்தது, விலை உயர்ந்த வலை வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. சிக்கல்களின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. 2016 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளியானது. தொண்டாய்ச்சாவில் ஒரு கிராமத்து மருத்துவர் கருணையால் தொடங்கியது உலகின் மிகக் கறாரான மருத்துவ இதழின் பக்கங்களில் சரியென்று பதிவாயிற்று. இந்திய மருத்துவம் உலகுக்குக் கொடுத்தவற்றில் இதை நான் முன்வரிசையில் வைப்பேன். (வீட்டுக் கொசுவலை அப்படியே உதவாது, பூச்சிமருந்து ஏற்றிய வலை கூடவே கூடாது. பொருளைச் சோதித்து, மருத்துவமனையில் கிருமி நீக்கியதே உள்ளே போகலாம்.) இன்று இந்தியாவிலேயே வலைகள் தயாராகின்றன, பெங்களூருவில் 1992ல் தொடங்கிய சூச்சர்ஸ் இந்தியா, இப்போது ஹெல்தியம் என்ற பெயரில், தையல் இழைகளோடு இந்த வலைகளையும் செய்கிறது.

வலையே வேண்டாம் என்ற வழியும் இந்தியாவிலிருந்து கிளம்பியது. புனேயின் டாக்டர் மோகன் தேசார்டா, நோயாளியின் சொந்தத் தசைநார்த் தகட்டிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்து, அதையே புதிய பின்சுவராகத் தைக்கும் முறையை 2001ல் எழுதினார். போலந்தில் 2012ல் வெளியான ஒப்பீட்டில் மூன்றாண்டு முடிவில் அது வலை வைத்ததற்கு இணையாக நின்றது.

பெங்களூருவின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் இன்று அதிகம் பேசப்படுவது லேப்ரோஸ்கோப்பி. மூன்று சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, சுவரின் உட்புறத்திலிருந்து சுமார் 15க்கு 10 சென்டிமீட்டர் வலையை விரிப்பது. வயிற்றின் அழுத்தமே வலையைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. முழு மயக்கம் தேவை, மருத்துவருக்கு நல்ல பயிற்சி தேவை, செலவு கூடுதல். பதிலுக்கு வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரு பக்கமும் இறக்கம் இருப்பவர்களுக்கும், முன்பு திறந்த அறுவை செய்து மறுபடி வந்தவர்களுக்கும், பெண்களுக்கும் இது நல்ல தேர்வு. ரோபோ என்று விளம்பரம் பார்த்து மயங்க வேண்டியதில்லை. சாதாரண ஒரு பக்க இறக்கத்துக்கு ரோபோவையும் லேப்ரோஸ்கோப்பியையும் அமெரிக்காவில் ஒப்பிட்டு 2020ல் வெளியான ஆய்வில் நோயாளிக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை, செலவுதான் கூடியது.

எந்த முறையிலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அறுவைக்குப் பின் பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலி தங்கிவிடலாம். அந்த இடத்தில் ஓடும் மூன்று மெல்லிய நரம்புகளில் ஏதேனும் ஒன்று தையலிலோ வலையிலோ அகப்படுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த நரம்புகளைத் தேடி அறிந்து காப்பாற்றுவதில்தான் நல்ல அறுவை மருத்துவரின் கை தெரிகிறது. ஆகவே எந்தக் கருவி என்று கேட்பதைவிட, இந்த அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

அறுவை முடிந்தவர் பெரும்பாலும் அன்றே எழுந்து நடக்கலாம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும் என்ற பழைய அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. உடல் தாங்கும் வேகத்தில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்றே இன்றைய சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மூட்டை தூக்குபவர் மட்டும் தன் வேலையை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எப்போது திரும்பலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே 1900ல் திறந்த விக்டோரியா மருத்துவமனை இருக்கிறது. சிவாஜிநகரில் பவுரிங், மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல், ஜெயநகரில் பொது மருத்துவமனை. எல்லாவற்றிலும் பொது அறுவைப் பிரிவு உண்டு, அங்குள்ளவர்களுக்கு இது அன்றாட அறுவை. உங்களுக்கோ, உங்கள் அப்பாவுக்கோ, பக்கத்து வீட்டு அண்ணனுக்கோ தொடை இடுக்கில் புடைப்பு இருந்தால், பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வாரமே போய்க் காட்டச் சொல்லுங்கள். புடைப்பு கைக்குழந்தைக்கோ பெண்ணுக்கோ என்றால் நாளைக்கே. அது இறுகி, வலித்து, வாந்தியும் வந்தால் இந்த நொடியே.